பண்பாட்டுப் பன்மையும் சமூகக் கல்வியும்: மறிச்சுக்கட்டி தரும் பாடம்

மக்கள் கூடி வாழும் முறையை மாணாக்கர்க்கு உணர்த்துவதே சமூகக் கல்வியின் நோக்கமாம். கூடி வாழ்வோர் அனைவரும் ஒரே மொழியினராயும் ஒரே சமயத்தினராயும் ஒரே தொழிலினராயும் இருப்பின், அவ்வாழ்வைக் கற்பித்தல் எளிது. அத்தகைய நாடு உலகில் அரிது. இலங்கை அத்தகைய நாடன்று. சைவர், பௌத்தர், இஸ்லாமியர், கிறித்தவர் என்னும் நாற்சமயத்தாரும், தமிழ், சிங்களம் என்னும் இருமொழியாளரும், உழவர், கடற்றொழிலாளர், வணிகர், தோட்டத் தொழிலாளர் எனப் பல தொழிலினரும் இத்தீவில் வாழ்கின்றனர். இப்பன்மையை வகுப்பறையில் எவ்வாறு கற்பிப்பது என்பது ஆசிரியர் உலகின் முன்னுள்ள பெரிய வினா. அவ்வினாவுக்கு விடை தேடுவோர் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மன்னார் மாவட்டத்தின் தென்னெல்லையிலுள்ள மறிச்சுக்கட்டி என்னும் சிற்றூரின் வரலாறே தக்கதொரு விடையைத் தருகின்றது.

பாடமும் அதன் குறைபாடும்

1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தின்போது சரித்திரம், பூமிசாத்திரம், குடியியல் என்னும் பாடங்கள் சமூகக் கல்வி என்னும் ஒரே பாடமாக இணைக்கப்பட்டன. பிற்காலத்தில் வரலாறு தனிப்பாடமாகப் பிரிந்தது. புவியியலும் குடியுரிமைக் கல்வியும் வெவ்வேறாயின. பெயர்கள் மாறினும் பணி மாறவில்லை. 2008ஆம் ஆண்டிற் கல்வி அமைச்சு, சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றித் தேசியக் கொள்கையொன்றை வெளியிட்டது. பன்மையைக் கற்பித்தல் ஆசிரியரின் விருப்பத்துக்கு விடப்பட்டதொன்றன்று, கல்வியின் கடமைகளுள் ஒன்று என்பது அதனாற் பெறப்படும்.

இக்கடமைக்கு நமது பாடசாலை அமைப்பே ஒரு தடையாக இருப்பதையும் மறைத்தல் கூடாது. தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை, சிங்களப் பாடசாலை எனப் பிள்ளைகள் பெரும்பாலும் பிரிந்தே பயில்கின்றனர். முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறைக்காலமும் நோன்பு மாதத்தை ஒட்டி வேறுபடுகின்றது. பல சமயத்துப் பிள்ளைகளும் ஒருங்கே பயிலும் பாடசாலையிலும், சமயபாட வேளை வந்தவுடன் ஒரு பகுதியார் சைவ வகுப்புக்கும் ஒரு பகுதியார் கத்தோலிக்க வகுப்புக்கும் ஒரு பகுதியார் இஸ்லாம் வகுப்புக்கும் எழுந்து செல்கின்றனர். தத்தம் சமயத்தைக் கற்கும் உரிமை போற்றத்தக்கதே. ஆயினும், அயலிருக்கையிலுள்ள பிள்ளையின் வாழ்வைப் பற்றி அறியும் வாய்ப்பு அவ்வேளையில் ஒருவருக்கும் கிடைப்பதில்லை. அவர்கள் அனைவரும் திரும்பி வந்து ஒருங்கே அமரும் வேளை சமூகக் கல்வி வேளையே. அவ்வேளையும் வீணாகுமாயின், பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிவதற்கு வேறு வேளை இல்லை.

அவ்வேளை எவ்வாறு கழிகின்றது? பொங்கல் சைவருக்குரியது, வெசாக் பௌத்தருக்குரியது, நத்தார் கிறித்தவருக்குரியது, நோன்புப் பெருநாள் இஸ்லாமியருக்குரியது. இவ்வாறு ஓர் அட்டவணை கரும்பலகையில் எழுதப்படும். மாணாக்கர் அதனைக் கொப்பியிற் பெயர்த்து எழுதுவர். பரீட்சையில் இரு நிரல்களைக் கோடிட்டு இணைப்பர். உடை, உணவு, வழிபாட்டிடம் என்பனவும் இம்முறையாகவே கற்பிக்கப்படுகின்றன. அமெரிக்கக் கல்வியாளர் ஜேம்ஸ் பாங்ஸ், பன்மைக் கல்வியை நான்கு படிகளாக வகுத்தார். விழாக்களையும் பெரியோர் பெயர்களையும் மட்டும் கூறுவது முதற்படி. வழக்கமான பாடத்தின் ஈற்றிற் பிறரைப் பற்றிய ஓர் அலகைச் சேர்ப்பது இரண்டாம் படி. ஒரே நிகழ்ச்சியைப் பல சமூகத்தாரின் கண்கொண்டும் நோக்குமாறு பாடத்தின் அமைப்பையே மாற்றுவது மூன்றாம் படி. அவ்வாறு அறிந்ததைக் கொண்டு தம் சூழலில் ஆவன செய்ய மாணாக்கரைப் பழக்குவது நான்காம் படி. நமது அட்டவணை முதற்படியைத் தாண்டவில்லை என்பது வெளிப்படை.

அட்டவணையின் குறை அது பொய் கூறுவதன்று. பாதியை மட்டும் கூறுவதே. ஒவ்வொரு சமூகத்தையும் அது தனித்தனிப் பேழையில் அடைத்து வைக்கின்றது. பேழைகளுக்கிடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலையோ, பிணக்கையோ, பிரிவையோ அது காட்டுவதில்லை. எனவே, மாணாக்கன் பிறரது விழாவின் பெயரை அறிவான். பிறரின்றித் தன் ஊர் இயங்கியிராது என்பதை அறியான்.

ஊரும் சூழலும்

மன்னாரிலிருந்து கடற்கரையை அடுத்துத் தெற்கு நோக்கிச் செல்வோர் அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி முதலிய ஊர்களைக் கடந்து மறிச்சுக்கட்டியை அடைவர். அதற்கப்பால் மோதரகம் ஆறும் வில்பத்துக் காடும் உள்ளன. முசலிப் பிரிவைச் சேர்ந்த இவ்வூர் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர். அயலிலுள்ள முள்ளிக்குளம் கத்தோலிக்கத் தமிழர் ஊர். நீரை மறித்துக் கட்டிய இடம் என்னும் பொருள் மறிச்சுக்கட்டி என்னும் பெயரின் சொல்லமைப்பிலேயே தோன்றுகின்றது. மழைநீரைக் குளத்திலே தேக்கி நெல் விளைக்கும் வறண்ட நாட்டுக்கு அப்பெயர் மிகப் பொருந்தும்.

இச்சிறு நிலப்பரப்பில் உலக வரலாறு பலமுறை வந்து தங்கிச் சென்றது. தெற்கே உள்ள குதிரைமலையை, உரோம ஆசிரியர் பிளினி குறிப்பிட்ட இப்புரோசு என்னும் துறையாக அறிஞர் பலர் கொள்வர். வடக்கே மாதோட்டத்தில் உள்ள திருக்கேதீச்சரம், சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற தலம். கண்டி அரசிற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான உறொபேட் நொக்ஸ் 1679ஆம் ஆண்டு தப்பி வந்து சேர்ந்த ஒல்லாந்தர் கோட்டை அரிப்பில் இருந்தது. தேசாதிபதி நோர்த் முத்துக்குளிப்பைக் கண்காணிக்க எழுப்பிய மாளிகையின் இடிபாடும் அங்கேயே உள்ளது. இலங்கையிற் கிறித்தவர் பெரும்பான்மையினராக வாழும் மாவட்டம் மன்னார் ஒன்றே. மடுமாதாவின் ஆவணித் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் திரள்கின்றனர். சைவரும் அங்கு செல்வதுண்டு. ஆகவே, இம்மாவட்டத்து மாணாக்கனுக்குப் பன்மை என்பது பாடநூலிலிருந்து கற்கவேண்டிய புதுமையன்று. அவன் காலடியிற் கிடப்பது.

முத்துச் சலாபம்

முத்துக்குளிப்பைத் தமிழிற் சலாபம் என்பர். சிலாவத்துறை என்னும் பெயரும் சலாபத்துறை என்பதன் திரிபே என்று கூறுவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த பெருஞ் சலாபங்களுக்கு மறிச்சுக்கட்டியே தலைமையிடமாயிற்று. பல ஆண்டுகள் சிப்பி குன்றியிருந்தபின், லிவர்ப்பூற் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் இலங்கைக்கு வந்து முத்துப்பார்களை ஆராய்ந்தார். அடுத்த ஆண்டு தொடங்கி 1907 வரை ஆண்டுதோறும் குளிப்பு நடைபெற்றது. அவற்றுட் பெரியது 1905ஆம் ஆண்டுச் சலாபம். முந்நூற்றுக்கு மேற்பட்ட தோணிகளும் ஏறத்தாழ 5,000 குளியாளரும் அதில் ஈடுபட்டனர். 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசினருக்குக் கிடைத்த வருவாய் ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா.

காடும் மணலுமாய்க் கிடந்த கரையிற் சில கிழமைகளுக்குள் ஒரு நகரம் தோன்றியது. ஓலையாலும் மூங்கிலாலும் வீடுகளும் தெருக்களும் அமைந்தன. நீதிமன்றம், வைத்தியசாலை, தபாற் கந்தோர், சிறைச்சாலை என்பனவும் எழுந்தன. பல்லாயிரவர் அங்கே கூடினர். பாரசீகக் குடாவிலிருந்து அராபியக் குளியாளர் வந்தனர். கீழக்கரையிலிருந்து முஸ்லிம் குளியாளரும், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கத்தோலிக்கப் பரதவரும், மேற்குக் கரையிலிருந்து மலையாளிகளும், யாழ்ப்பாணக் கரையிலிருந்து தமிழரும் வந்தனர். நாட்டுக்கோட்டைச் செட்டியாரும் பம்பாய் வணிகரும் முத்து வாங்க வந்தனர்.

இவர்கள் எவ்வாறு ஒருங்கே வினையாற்றினர் என்பதே மாணாக்கர்க்குக் காட்டத்தக்கது. நள்ளிரவின் பின் வீசும் நிலக்காற்றில் தோணிகள் பாரை நோக்கிப் புறப்படும். தண்டல் தோணியைச் செலுத்துவான். குளியாளன் காலிற் கல்லைப் பொருத்தி 5 முதல் 10 பாகம் வரை ஆழத்துக்கு இறங்குவான். அராபியன் கொம்பினாற் செய்த கவ்வியால் மூக்கை அடைப்பான்; தமிழன் விரலாற் பற்றிக்கொள்வான். ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் அள்ளிய சிப்பியைக் கூடையிலிட்டுக் கயிற்றை அசைப்பான். தோணியில் நின்று அக்கயிற்றைப் பற்றியிருப்பவன் அவ்வசைவை உணர்ந்து இழுப்பான். கீழே இருப்பவனது உயிர் மேலே இருப்பவனது கையில் உள்ளது. அக்கையின் கவனத்தையன்றி வேறொன்றையும் அவன் நம்பியிருப்பதற்கில்லை.

நண்பகலுக்குப் பின் கடற்காற்றில் தோணிகள் கரை திரும்பும். கொட்டு எனப்படும் வேலியடைப்பினுள் சிப்பிகள் மூன்று கும்பங்களாகப் பகுக்கப்படும். இரண்டு அரசினருக்கு, ஒன்று குளியாளருக்கும் தோணிக்காரருக்கும். அரசினர் பங்கு அன்றிரவே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்படும். ஒரு தோணி 30,000 சிப்பி கொணரின், தோணியிலுள்ளார் அனைவருக்கும் எஞ்சுவது 10,000. இக்கணக்கைக் கரும்பலகையிற் செய்து காட்டும் ஆசிரியர், அப்பெருஞ் செல்வம் யார் கைக்குச் சென்றது என்னும் வினாவையும் மாணாக்கர் உள்ளத்தில் எழுப்புவார்.

கடல்கட்டி என்பவனைப் பற்றிய செய்தி இப்பாடத்தின் உயிர்நாடி எனலாம். சுறாமீன்கள் குளியாளரைத் தீண்டாவண்ணம் மந்திரத்தாற் கடலைக் கட்டுபவன் கடல்கட்டி. அவனின்றிக் குளியாளர் கடலில் இறங்க மறுத்தனர். ஆதலால் அரசினரும் அவனை வைத்திருந்தனர். அத்தொழில் ஒரு குடும்பத்துக்கு வழிவழியுரியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கை அரசாங்கத்தில் உயர்பதவி வகித்த எமர்சன் டெனன்ற், தம் காலத்தில் அக்குடும்பத்தின் தலைவன் கத்தோலிக்கனாயிருந்தான் என்றும், மந்திரத்தின் வலிமைக்கு அவன் சமயம் தடையென ஒருவரும் கருதவில்லை என்றும் எழுதியுள்ளார். சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம் என்னும் அட்டவணையில் இம்மனிதனை எந்நிரலில் எழுதுவது? எந்நிரலில் எழுதினும் அவன் வாழ்வின் ஒரு பகுதி வெளியே நிற்கும். மனிதர் தம் சமயப் பெயரினும் விரிந்தவர் என்பதை மாணாக்கர்க்கு விளக்க வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, சலாபத்தைப் பொற்காலமாகக் காட்டுதலும் பிழையாம். அங்கே மக்களைக் கூட்டியது அன்பன்று, ஆதாயம். குளியாளனுக்கு ஆபத்து, அரசினருக்கு இரு பங்கு. அழுகும் சிப்பியின் நாற்றத்திடையே நோய்க்கு அஞ்சியே அனைவரும் வாழ்ந்தனர். 1906இல் முத்துப்பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஓர் ஆங்கிலக் கம்பனியாருக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் அத்துணைப் பெருஞ் சலாபம் நிகழவில்லை. பருவம் முடிந்ததும் ஓலைநகரம் கலைந்தது. ஒருவர்க்கொருவர் கடமை யாதும் எஞ்சவில்லை. பலர் ஓரிடத்திற் கூடினர் என்பதால் மட்டும் அவர்கள் அயலவராகிவிடார். அயலவர் எனப்படுவோர் பருவம் முடிந்த பின்னும் ஒருவர்க்கொருவர் கடப்பாடுடையோர். சலாபம் பன்மையைக் காட்டும். அயன்மையைக் கற்க ஊரையே நோக்குதல் வேண்டும்.

ஒரு மொழியின் பல வீடுகள்

மன்னார்ச் சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் தாய்மொழியாகப் பேசுவது தமிழே. அம்மொழி ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வொரு கோலங் கொள்கின்றது. அரசன் இல்லத்தைக் குறித்த கோயில் என்னும் சொல் சைவருக்குச் சிவாலயம். கத்தோலிக்கருக்கு மாதா கோயில். பண்டு சமண பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்த பள்ளி என்னும் சொல் இன்று முஸ்லிம்களின் பள்ளிவாசலிலும், எல்லார்க்கும் பொதுவான பள்ளிக்கூடத்திலும் வாழ்கின்றது. உண்ணா நிலையை முஸ்லிம்கள் நோன்பு என்பர். கத்தோலிக்கர் ஒருசந்தி என்பர். சைவர் விரதம் என்பர். முஸ்லிம்கள் தம் தலையாய கடமைக்குத் தொழுகை என்னும் தூய தமிழ்ச்சொல்லையே வழங்குகின்றனர். பெருநாள் என்னும் சொல்லை முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் ஒருங்கே ஆள்கின்றனர்.

மாணாக்கர் தத்தம் வீட்டில் வழங்கும் இத்தகைய சொற்களைத் திரட்டி வருமாறு பணிக்கப்படுவாராக. ஒரு சொல் எத்தனை வீடுகளில் வாழ்கின்றது என்பதை அவர்களே கண்டறிவர். அட்டவணை வேற்றுமையை மட்டும் காட்டிற்று. இப்பயிற்சி வேற்றுமையினூடே ஓடும் உறவையும் காட்டும். நூலும் பொருளும் குறைந்த பாடசாலையிலும் இது செய்தற்கு எளிது.

அறுந்த உறவு

உறவை மட்டும் கற்பித்து, அது அறுந்த நாளை மறைக்கும் ஆசிரியர் பாதிக் கடமையே செய்தவராவர். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அவ்வாறு வெளியேற்றப்பட்டோர் 70,000க்கு மேற்பட்டோர். யாழ்ப்பாண நகரிற் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. வீடும் வயலும் தோணியும் நகையும் விட்டுச் செல்ல நேர்ந்தது. மறிச்சுக்கட்டி மக்களும் முசலியின் ஏனைய முஸ்லிம் ஊர்களின் மக்களும் புத்தளப் பகுதியில் அகதிகளாயினர். அங்கே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 2009இற் போர் முடிந்தபின் மக்கள் மீளத் தொடங்கியபோது, குடியிருந்த நிலத்திற் காடு மூடியிருந்தது. அந்நிலம் வில்பத்துக் காட்டைச் சேர்ந்ததா, ஊரவர் காணியா என்னும் வழக்கு நாடெங்கும் பேசப்பட்டது. 2017இல் மாவில்லுப் பேணற்காடு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது மறிச்சுக்கட்டியில் மக்கள் தொடர்ந்து மறியல் செய்தனர்.

முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கத் தமிழரும் இடம்பெயர்ந்தவரே. 2007இற் போரின்போது அவர்கள் ஊரை விட்டு வெளியேறினர். ஊரிற் கடற்படை முகாம் அமைந்தது. 2017இல் ஒரு பகுதி நிலமே திருப்பி அளிக்கப்பட்டது. மன்னார்ச் சைவரும் கத்தோலிக்கரும் தோணியேறி இராமேச்சுரத்தை அடைந்து தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்த கதைகளும் பல. ஆகவே, இப்பகுதியில் ஒரே வகுப்பில் அமரும் மூன்று பிள்ளைகளின் பாட்டன்மார் மூன்று வெவ்வேறு திசைகளில் ஓடியவராயிருத்தல் கூடும். அவர்களை ஓடச்செய்தோரும் வெவ்வேறானோர். ஒருவர் துயரைக் கூறி மற்றவர் துயரை மறைக்கும் பாடம் பிள்ளைகளைப் பகைவராக்கும். எவர் துயரையும் கூறாத பாடம் அவர்களை வீட்டிற் கேட்ட கதையோடு மட்டும் விட்டுவிடும்.

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் ஒரு சிறப்புக் கடமை உண்டு. பிறர் தமக்கிழைத்த தீங்கைக் கற்பித்தல் எவர்க்கும் எளிது. தம் இனத்தின் பெயரால் இழைக்கப்பட்ட தீங்கைக் கற்பித்தலே அரிது. போர்த்துக்கேயர் திருக்கேதீச்சரத்தை அழித்தமை சைவப் பிள்ளைகள் அறிந்த செய்தி. அத்தலத்தை மீளக் கட்டியெழுப்புமாறு 1872இல் ஆறுமுக நாவலர் வேண்டுகோள் விடுத்தமையும் அவர்கள் அறிந்ததே. 1544இல், புதிதாகக் கிறித்தவராகிய மன்னார் மக்கள் நூற்றுக்கணக்கானோர் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டதை அவர்களுட் பலர் அறியார். கத்தோலிக்கப் பிள்ளைகளோ பின்னதை அறிவர். முன்னதைக் குறைவாகவே அறிவர். இவ்விரு செய்திகளும் ஒரே பாடத்தில் ஒருங்கே கூறப்படுதல் வேண்டும். 2019ஆம் ஆண்டு மகா சிவராத்திரியை ஒட்டித் திருக்கேதீச்சர வீதியில் வளைவு அமைத்தல் பற்றிச் சைவருக்கும் கத்தோலிக்கருக்குமிடையே பிணக்கு எழுந்தது. இவ்வரலாற்றை இரு பக்கமும் அறிந்த தலைமுறை அப்பிணக்கை வேறு முறையில் எதிர்கொண்டிருக்கும்.

கற்பிக்கும் நெறி

மேற்கூறியவற்றிலிருந்து ஆசிரியர்க்குச் சில நெறிகள் பெறப்படும். முதலாவது, விழாவிலிருந்தன்றித் தொழிலிலிருந்து தொடங்குதல். தோணி, குளம், சந்தை, வயல் என்பவற்றில் எவர் எவரைச் சார்ந்திருந்தனர் என்று வினவின் பன்மை தானே வெளிப்படும். இரண்டாவது, சமூகத்தினுள் அமைந்த வேற்றுமையை மறவாமை. சைவர் அனைவரும் ஒரு தன்மையரல்லர். கரையோரத்தார், உழவர், மலையகத்திலிருந்து வந்து குடியேறியோர் எனப் பலர் உளர். கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் அவ்வாறே.

மூன்றாவதும் முதன்மையானதும் யாதெனில், எப்பிள்ளையையும் தன் சமூகத்தின் பிரதிநிதியாக எழுப்பி நிறுத்தாமை. வகுப்பில் ஒரேயொரு முஸ்லிம் மாணவி இருப்பின், உங்கள் ஆட்கள் ஏன் இவ்வாறு செய்கின்றனர் என்று அவளை வினவுதல் கொடுமை. அவ்வாறே, 1990ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்குத் தமிழ்ப் பிள்ளையை விடைகூறச் செய்தலும் கொடுமை. அப்பிள்ளைகள் அப்போது பிறந்திருக்கவுமில்லை. செயலுக்குப் பொறுப்பு செய்தோர்க்கே. அறிந்துகொள்ளும் பொறுப்பு அனைவர்க்கும் உரியது. இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கூறிய பின்னரே அப்பாடத்தைத் தொடங்குதல் வேண்டும்.

நான்காவது, முதியோர் வாய்மொழியைப் போற்றுதல். ஊரை விட்டுப் போனபோது எதனைக் கொண்டுசென்றீர், எதனை விட்டுச்சென்றீர், எவர் உதவினர் என்னும் மூன்று வினாக்களைப் பிள்ளைகள் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வரலாம். கூற விரும்பாதாரை வற்புறுத்தல் ஆகாது. எவர் உதவினர் என்னும் வினாவுக்குப் பல வீடுகளில் வேற்றுச் சமயத்தார் ஒருவரின் பெயர் விடையாக வருதல் கூடும். அப்பெயர் அட்டவணையில் இடம் பெறாதது. ஆயினும் பிள்ளையின் உள்ளத்தில் நிலைப்பது அதுவே.

ஐந்தாவது, பரீட்சை வினாவை மாற்றுதல். நிரலை இணைக்கும் வினாவோடு, ஒரே நிகழ்ச்சியை இருவர் பார்வையில் எழுதுமாறு கேட்கும் வினா ஒன்றேனும் பாடசாலைத் தவணைப் பரீட்சையில் இடம்பெறலாம். மறிச்சுக்கட்டிக் காணி வழக்கை எடுத்து, மீண்டு வந்த ஊரவர் யாது கூறுவர், காட்டைக் காக்க விரும்புவோர் யாது கூறுவர் என்று வினவின், மாணாக்கர் இரு பக்க நியாயத்தையும் நிறுத்துப் பார்க்கப் பழகுவர். அப்பழக்கமே நல்ல குடிமக்களை ஆக்கும்.

நீரை மறித்துக் கட்டுதல் இரு வகைப்படும். அயலான் வயலுக்குப் போகாமல் மறிப்பது ஒன்று. வரட்சிக் காலத்தில் எல்லார்க்கும் பாயுமாறு தேக்கி வைப்பது மற்றொன்று. வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் கையிலும் அவ்விரு வகை அணைகளும் உள்ளன. சமயபாட வேளை முடிந்து பிள்ளைகள் தத்தம் வகுப்புகளிலிருந்து திரும்பி வந்து ஒருங்கே அமர்கின்றனர். அடுத்த நாற்பது நிமிடம் ஆசிரியருடையது. அவர் எவ்வகை அணையைக் கட்டுகின்றார் என்பது அவ்வேளையில் முடிவாகின்றது.